ட்வென்டி ட்வென்டி-ஃபைவ் தீம்: குறைத்ததில் எது லாபம், எது நட்டம்?

இணையத்தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸின் 6.7 பதிப்போடு 2024 நவம்பரில் வெளிவந்த இயல்புநிலைத் தீம் (தளத்தின் தோற்றத்தை முடிவுசெய்யும் தொகுப்பு) ட்வென்டி ட்வென்டி-ஃபைவ். இலவசம். நிறுவியதும் கண்ணில் படுவது வெள்ளைப் பின்னணி, கிட்டத்தட்டக் கறுப்பான எழுத்து, இடப்பக்கம் தளத்தின் பெயர், வலப்பக்கம் மெனு. பக்கப்பட்டி கிடையாது, ஸ்லைடர் கிடையாது, பெட்டிக்குள் பெட்டி கிடையாது. பத்தாண்டுகளுக்கு மேலாக இணைய வடிவமைப்பில் ஓங்கி நிற்கும், அலங்காரத்தைக் குறைக்கும் மினிமலிஸ்ட் போக்கை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் இந்தத் தீமைப் பார்த்தால் போதும். புதிதாகத் தமிழ்த் தளம் தொடங்குகிறவர் முன்னால் முதலில் வந்து நிற்பதும் இதுதான். அதனால் இதன் நிறைகுறைகளைத் தமிழ் எழுத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கட்டுரைகள் வெளியிடும் தளத்துக்கு இதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வந்தபடியே விடக்கூடாது. எழுத்துரு, வரி இடைவெளி, கோடுகள், மெனு ஆகியவற்றில் கைவைத்தே ஆக வேண்டும். கைவைக்காமல் விட்டால் தமிழ் வாசகருக்கு அது அழகாகவும் இருக்காது, படிக்க வசதியாகவும் இருக்காது.

முதலில் நல்லவை. இது பிளாக் தீம், அதாவது தலைப்பு, பத்தி, படம் போன்ற தனித்தனித் துண்டுகளை (பிளாக்) அடுக்கிப் பக்கத்தை அமைக்கும் வகை. ஒரு பக்கத்தில் எந்தெந்த பிளாக் இருக்கிறதோ அவற்றின் தோற்றத்தைச் சொல்லும் குறிமொழியான சி.எஸ்.எஸ். மட்டுமே அந்தப் பக்கத்தோடு போகும். ஜேகுவெரி என்ற ஸ்கிரிப்ட் தொகுப்பு தேவையில்லை. மொபைல் மெனுவைத் திறக்கவும் மூடவும் ஒரு சிறிய ஸ்கிரிப்ட், அவ்வளவுதான். எழுத்துருக் கோப்புகள் உங்கள் சர்வரிலிருந்தே போகின்றன. கூகுளைத் தொட்டுவிட்டு வர வேண்டியதில்லை. குறைந்த விலை ஃபோனில், சிக்னல் சுமாராக இருக்கும் இடத்தில், இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். பக்கம் திறந்த பிறகு எழுத்து மேலும் கீழும் குதிப்பதும் குறைவு, ஏனென்றால் தாமதமாக வந்து இடம் பிடிக்கும் விட்ஜெட் எதுவும் இல்லை. ஆனால் இந்த லாபத்தை ஒரே படத்தில் இழந்துவிடலாம். முகப்புப் படமாக கேமராவிலிருந்து எடுத்த 4 எம்.பி. கோப்பை அப்படியே ஏற்றினால் தீம் எவ்வளவு மெலிந்திருந்தும் பயனில்லை. தீமின் அகன்ற அமைப்பே 1340 பிக்சல்தான். 1600 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவில் ஏற்றுங்கள்.

நிறத் தேர்வும் பொறுப்பானது. மினிமலிஸ்ட் வார்ப்புருக்களில் அடிக்கடி காணும் நோய் சாம்பல் எழுத்து. வெள்ளையில் #999999 என்ற சாம்பல் நிறத்தில் எழுதினால், எழுத்து பின்னணியிலிருந்து எவ்வளவு பிரிந்து தெரிகிறது என்று காட்டும் வேறுபாட்டு விகிதம் 2.85:1தான் வரும். மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்த வகுத்த டபிள்யூ.சி.ஏ.ஜி. அணுகல்தன்மை விதிகள் சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பது 4.5:1. இந்தத் தீமில் உடல் எழுத்து (பத்திகளுக்கான எழுத்து) #111111, விகிதம் கிட்டத்தட்ட 19:1. தேதி, ஆசிரியர் பெயர் போன்ற துணைத் தகவலுக்கான சாம்பல் #686868, விகிதம் 5.5க்கு மேல். இணைப்புகளுக்கு அடிக்கோடு இருக்கிறது. டேப் விசையால் நகரும்போது எங்கே நிற்கிறோம் என்று காட்டும் 2 பிக்சல் சட்டமும் இருக்கிறது. அழகைக் கெடுக்கிறது என்று சொல்லிப் பல வடிவமைப்பாளர்கள் முதலில் வெட்டியெறிவது இந்த இரண்டையும்தான். இங்கே அவற்றை விட்டுவைத்ததற்காகப் பாராட்ட வேண்டும்.

இனித் தமிழ் எழுத்துக்கு வருவோம். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

தீமின் இயல்பு எழுத்துரு மேன்ரோப். அதில் தமிழ் எழுத்துகள் இல்லை. அதனால் உலாவி, சாதனத்தில் கிடைக்கும் தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுக்கொள்ளும். விண்டோஸில் நிர்மலா யுஐ, ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், ஐஃபோனில் தமிழ் சங்கம் எம்.என். ஆக, நீங்கள் கணினியில் பார்த்துத் திருத்தி வைத்த பக்கம் வாசகரின் ஃபோனில் வேறொரு முகத்தோடு தெரியும். வரி உடையும் இடமும் மாறும்.

அடுத்தது தடிமன். தீம் உடல் எழுத்துக்கு 300 என்ற மெல்லிய தடிமனைக் கேட்கிறது (400 சாதாரணம், 700 தடித்தது). மேன்ரோப்பில் அது இருக்கிறது. ஃபோனில் உள்ள தமிழ் எழுத்துருவில் பெரும்பாலும் இருக்காது. அப்போது உலாவி 400க்குப் போய்விடும். ‘2025ஆம் ஆண்டு ஜனவரி 14 முதல்’ என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2025, 14 ஆகிய எண்கள் மேன்ரோப்பில் இளைத்துத் தெரியும். பக்கத்திலுள்ள ‘ஆம் ஆண்டு’ கனமாக நிற்கும். எண்ணும் ஆங்கிலப் பெயரும் நிறைந்த கட்டுரையில் ஒவ்வொரு வரியும் இப்படித் திட்டுத்திட்டாகிவிடும். இன்னொரு விளைவும் உண்டு. தீம் தலைப்புக்கு 400, உடலுக்கு 300 என்று வைத்துத் தடிமனால் படிநிலை காட்டுகிறது. தமிழில் இரண்டுமே 400 ஆகிவிடுவதால் அந்த வேறுபாடு அழிந்து, எழுத்தின் அளவு மட்டுமே மிஞ்சுகிறது. துணைத்தலைப்பின் அளவும் உடல் எழுத்தின் அளவும் நெருங்கி இருக்கும் இடத்தில் தலைப்பு எது, பத்தி எது என்றே புரியாது. ஆறாம் நிலைத் தலைப்பின் (தலைப்புப் படிகளில் கடைசி) கதை இன்னும் மோசம். தீம் அதைப் பெரிய எழுத்தாக (கேப்பிட்டல்) மாற்றி, எழுத்துகளை 1.4 பிக்சல் விலக்கி அடையாளம் காட்டுகிறது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து ஏது? தமிழ்த் தளத்தில் ஆறாம் நிலையைப் பயன்படுத்தவே வேண்டாம்.

வரி இடைவெளி உடலுக்கு எழுத்தளவின் 1.4 மடங்கு, தலைப்புகளுக்கு 1.125. லத்தீன் எழுத்துக்கு இது இறுக்கமான, நவீனமான தோற்றம் தரும். தமிழில் மேலே கி, கீ என்று சுழி எழும்புகிறது. கீழே கு, மூ, ணூ, ழு என்று வால் இறங்குகிறது. தலைப்பு இரண்டு வரியாக உடைந்தால் மேல்வரியின் ‘நூ’ வந்து கீழ்வரியின் ‘கீ’யில் முட்டும். உடல் எழுத்தில் முட்டாது, ஆனால் பக்கம் கருத்து அடர்ந்து தெரியும். மூன்று பத்தி படிப்பதற்குள் கண் வரி தவறும். உடலுக்கு 1.7, தலைப்புக்கு 1.35 வையுங்கள். இந்த ஒரு மாற்றத்தில் கிடைக்கும் பலன் வேறெந்த மாற்றத்திலும் கிடைக்காது.

அடிக்கோட்டிலும் இதே வால் பிரச்சினை. தீம் கோட்டை 1 பிக்சல் தடிமனில், எழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு தள்ளி வைக்கிறது. உலாவிகள் எழுத்தின் வால் குறுக்கிடும் இடத்தில் கோட்டை வெட்டிவிடும். ‘முழுக் குறிப்பும்’ என்று ஓர் இணைப்பு இருந்தால் மு, ழு, கு, பு எல்லாவற்றின் கீழும் கோடு அறுந்து, எஞ்சுவது புள்ளி புள்ளியான துணுக்குகள். இடைவெளியை எழுத்தளவில் கால் பங்காக்கினால் கோடு ஓரளவு தொடர்ந்து ஓடும். இதற்குக் கூடுதல் சி.எஸ்.எஸ். பெட்டியில் ஒரு வரி எழுத வேண்டும். கோட்டின் தடிமனையும் 2 பிக்சலாக்க நினைத்தால், தீமே அதை ‘இம்பார்ட்டன்ட்’ (மற்ற விதிகளை மீறி இதுவே செல்லும் என்று சொல்லும் சி.எஸ்.எஸ். குறி) போட்டுப் பூட்டியிருக்கிறது. நீங்களும் ‘இம்பார்ட்டன்ட்’ சேர்த்தால்தான் எடுபடும். பலர் மாற்றிப் பார்த்து, மாறவில்லை என்று கைவிடுவது இந்த இடத்தில்தான்.

மொபைலில் தலைப்பு உடைவது தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. 360 பிக்சல் அகல ஃபோனில் இரு ஓரமும் 30 பிக்சல் காலி விடுகிறது தீம். மிச்சம் 300. கட்டுரைத் தலைப்பு அங்கே 34 பிக்சல் அளவில் வருகிறது. ‘கூட்டுறவுச்சங்கங்களுக்கான’ என்று சேர்த்தெழுதிய சொல் அதற்குள் அடங்காது. அடங்காத சொல்லை எங்கே வேண்டுமானாலும் உடைக்கலாம் என்று வேர்ட்பிரஸ் தலைப்புக்கு விதி வைத்திருப்பதால், இணைப்புக்குறி கூட இல்லாமல் சொல் பாதியில் அறுபட்டு, அடுத்த வரி ‘ங்’ என்ற மெய்யில் தொடங்கக்கூடும். தமிழ் படித்தவர் எவருக்கும் அது உறுத்தும். வழி மூன்று. ஸ்டைல்ஸ், டைப்போகிராஃபி, ஃபான்ட் சைஸ் ப்ரீசெட்ஸ் போய் மிகப் பெரிய அளவின் குறைந்தபட்ச மதிப்பை 1.6 ரெம் (சுமார் 26 பிக்சல்) ஆக்குங்கள். இந்த வசதி 6.7இலேயே இருக்கிறது. லேஅவுட் பகுதியில் ஓர இடைவெளியை 20 பிக்சலாக்குங்கள். தலைப்பு எழுதும்போது ‘கூட்டுறவுச் சங்கங்களுக்கான’ என்று பிரித்தே எழுதுங்கள்.

கணினித் திரையில் சிக்கல் வேறு மாதிரி. உரைப்பகுதி 645 பிக்சல் அகலம்; எழுத்து அங்கே 22 பிக்சல் வரை பெருகும். ஆங்கிலத்தில் வரிக்கு அறுபதை ஒட்டிய எழுத்துகள் விழும், படிக்க இதமான அளவு. தமிழ் எழுத்து அகலம், சொல்லும் நீளம். வரிக்கு ஐந்தாறு சொல்தான் விழும். வாசகர் ஓயாமல் அடுத்த வரிக்குத் தாவிக்கொண்டே இருக்க வேண்டும். உடல் எழுத்தை 19 பிக்சலுக்கும், அகலத்தை 700க்கும் மாற்றினால் சரியாகிவிடும்.

எழுத்துருவை மாற்றும் வழி இது. முதலில் செட்டிங்ஸ், ஜெனரல் போய்த் தளத்தின் மொழியைத் தமிழாக்குங்கள். இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் இரண்டும் தனித்தனியே இருக்கின்றன. இதைச் செய்தால்தான் பக்கத்தின் மொழி தமிழ் என்று திரைவாசிப்பு மென்பொருளுக்குத் தெரியும். இல்லாவிட்டால் அது தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்க முயலும். பிறகு அப்பியரன்ஸ், எடிட்டர், ஸ்டைல்ஸ், டைப்போகிராஃபி. அங்கே எழுத்துருக்களை நிர்வகிக்கும் பொத்தானை அழுத்தி, இன்ஸ்டால் ஃபான்ட்ஸ் பிரிவில் கூகுள் எழுத்துருக்களுக்கு அனுமதி கொடுங்கள். மொழிவாரியாகத் தேட வழியில்லை, பெயர் தெரிந்திருக்க வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் ஆகியவை பல தடிமன்களில் கிடைக்கும். இலக்கியக் கட்டுரைகளுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் பொருந்தும். எங்கள் தேர்வு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்த மலர். இரண்டிலும் ஆங்கில எழுத்தும் எண்ணும் தமிழின் கனத்தோடு ஒத்துப்போகும்.

பல தடிமன் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் டிக் அடிக்காதீர்கள். 400, 700 இரண்டு போதும். இறக்கிய கோப்பு உங்கள் சர்வரில் வந்து சேர்ந்துவிடும். அதன்பின் வாசகரின் உலாவி கூகுளுக்குப் போகாது. அடுத்து டெக்ஸ்ட் பகுதியில் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, தடிமனை ரெகுலராகவும் எழுத்திடைவெளியை 0 ஆகவும் மாற்றுங்கள். தீம் வைத்திருப்பது மைனஸ் 0.1 பிக்சல். ஹெடிங்ஸ் பகுதியில் தடிமனை 700 ஆக்குங்கள். 700 கோப்பை நிறுவாமல் 700 கேட்டால் உலாவியே எழுத்தை ஊதிப் பெருக்கிப் போலித் தடிமன் உண்டாக்கும். அப்போது ண, ன, ணை போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகிவிடும். ஒரே தடிமனில் கிடைக்கும் மீரா இனிமை, டிரோ தமிழ் ஆகியவற்றைத் தலைப்புக்கு எடுக்காமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

தமிழுக்கு மட்டும் உரியதல்லாத, எல்லா மொழிக்கும் பொதுவான குறைகளும் இதில் உண்டு. கோடு, பெட்டி, நிழல் ஆகியவை வெறும் அலங்காரமல்ல; இங்கே தட்டலாம், இங்கே எழுதலாம் என்று சொல்லும் அடையாளங்கள். 2017இல் பயன்பாட்டு ஆய்வு நிறுவனமான நீல்சன் நார்மன் குழுமம் 71 பேரை வைத்துச் செய்த ஆய்வில், இந்த அடையாளங்கள் மங்கிய பக்கங்களில் வேலையை முடிக்க 22 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தது. ஆப்பிள் 2013இல் ஐஓஎஸ் 7இல் பொத்தான்களின் உருவத்தை நீக்கி வெறும் எழுத்தாக்கியது. 2014 மார்ச்சில் வந்த 7.1இல் ‘பட்டன் ஷேப்ஸ்’ என்ற தெரிவைச் சேர்த்து அவற்றைத் திரும்பக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்தத் தீமில் அந்தத் தவறு பொத்தானில் நடக்கவில்லை. பொத்தான் கறுப்பாக, உருண்டையாக, தெளிவாக இருக்கிறது. தவறு நடந்தது உள்ளீட்டுப் பெட்டிகளில். கருத்துப் பெட்டிக்கும் தேடல் பெட்டிக்கும் தீம் வைத்திருக்கும் கோடு, எழுத்து நிறத்தில் 20 விழுக்காடு மட்டுமே. வெள்ளைப் பின்னணியில் அதன் விகிதம் 1.5:1ஐ ஒட்டி வரும். இத்தகைய கூறுகளுக்கு விதி கேட்பது 3:1. வெயிலில் நின்று ஃபோன் பார்ப்பவருக்கும், கண்புரை உள்ளவருக்கும் அந்தப் பெட்டி இருப்பதே தெரியாது. பிரிட்டிஷ் அரசின் தளத்தைப் பாருங்கள். அதுவும் வெள்ளைப் பின்னணிதான், அலங்காரமே இல்லாததுதான், ஆனால் உள்ளீட்டுப் பெட்டிக்கு 2 பிக்சல் கறுப்புக் கோடு. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்று தெரிந்து செய்த எளிமை அது. இங்கே கோட்டு நிறத்தை #686868 ஆக்கினால் தீர்ந்தது. கருத்துப் பெட்டிக்கு இங்கும் ‘இம்பார்ட்டன்ட்’ சேர்க்க வேண்டும்.

மொபைலில் 600 பிக்சலுக்குக் கீழே மெனு முழுவதும் ஒரு சின்னத்துக்குள் போய்விடுகிறது. அந்தச் சின்னம் பழகிய மூன்று கோடுகூட இல்லை, இரண்டே கோடு. இரண்டு கோட்டைப் பார்த்து அது மெனு என்று ஊகிக்க எல்லாராலும் முடியாது. மெனுவில் நான்கு இணைப்புக்குள் இருந்தால் ஓவர்லே என்ற அமைப்பை ‘ஆஃப்’ ஆக்கி, இணைப்புகளை வெளியே விட்டுவிடுங்கள். இரண்டு வரியாக மடிந்தாலும் பரவாயில்லை, கண்ணில் படும். ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் சின்னத்தைக் காட்டும் தெரிவை அணைத்துவிடுங்கள். அந்த இடத்தில் ‘மெனு’ என்ற சொல் வரும்.

பொத்தானின் உள்ளிடைவெளி இடமும் வலமும் 2.25 ரெம், அதாவது 36 பிக்சல். 300 பிக்சல் இடத்தில் 72 இதற்கே போய்விடும். ‘விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்’ என்று எழுதினால் உருண்டைப் பொத்தானுக்குள் இரண்டு வரியாகி விகாரமாகத் தெரியும். 1.25 ரெம் ஆக்குங்கள், அல்லது ‘அனுப்பு’ என்று எழுதுங்கள்.

தளத்தைத் திறந்துவிடும் அவசரத்தில் பலர் கவனிக்காத இரண்டு. முகப்பில் ஒவ்வொரு பதிவும் சுருக்கமாக வராமல் முழுதாக வருகிறது. நீண்ட கட்டுரைகள் உள்ள தளத்தில் இரண்டாவது கட்டுரையின் தலைப்பைப் பார்க்கவே வெகுதூரம் உருட்ட வேண்டும். எடிட்டரில் வலைப்பதிவு முகப்புக்கான பிளாக் ஹோம் (Blog Home) வார்ப்புருவைத் திறந்து, போஸ்ட் கன்டென்ட் பிளாக்கை நீக்கி எக்ஸர்ப்ட் பிளாக்கை வையுங்கள். அடிப்பகுதியில் எவென்ட்ஸ், ஷாப், ஆத்தர்ஸ் என்று சில இணைப்புகள் இருக்கும். அவை எங்கும் போகாத, மாதிரிக்கு வைத்த இணைப்புகள். நீக்கிவிடுங்கள்.

செய்தித் தளத்துக்கு இது ஏன் ஆகாது? செய்தி வாசகர் ஒரே பார்வையில் பதினைந்து, இருபது தலைப்புகளை ஒப்பிட்டு ஒன்றைத் தட்டுகிறவர். காலியிடம் அவருக்குத் தடை. கடைக்கும் அப்படித்தான்: விலை, அளவு, இருப்பு, அனுப்பும் செலவு எல்லாம் தட்டாமலே தெரிய வேண்டும், இந்தத் தீமின் தாராளமான இடைவெளியில் ஃபோன் திரைக்கு ஒரு பொருள்தான் நிற்கும். அங்கே அடர்த்தியாக அடுக்கும் தீமே சரி.

மாற்றங்கள் எல்லாம் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுவதால் தீமைப் புதுப்பித்தாலும் அழியாது. ஏதாவது கெட்டுப்போனால் ஸ்டைல்ஸ் பகுதியின் ரிவிஷன்ஸில் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். ஈவினிங், மிட்நைட் என்று தயாராக இருக்கும் எட்டு நிறச் சேர்க்கைகளில் ஒன்றை எடுக்க நினைத்தால் அதை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, எழுத்துரு அமைப்புகளைப் பிறகு செய்யுங்கள். வரிசை மாறினால் நீங்கள் வைத்த வரி இடைவெளியும் தடிமனும் போய்விட்டனவா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க நேரும்.